பக்கத்தில் நிற்பவருக்காக ஒரு துளி

(விழிதியூரில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! அவனுடைய இறுதித் தூதர் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!

  

சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் ஓர் அத்தர் சீசாவைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியை இறுதியில் கூறுகின்றேன்.

காரைக்கால் வட்டாரத்தில் சபுராளி இல்லாத குடும்பம் அரிது. துபை, சிங்கப்பூர், பிரான்ஸ் என்று நம் பிள்ளைகள் பரவியிருக்கிறார்கள். விடுமுறையில் வருபவரின் பெட்டியைத் திறந்தாலே வீடெல்லாம் மணக்கும். நமது நிரவி கொம்யூனைச் சேர்ந்த இந்தச் சிற்றூரிலும் இளைஞர்கள் சிலர் நறுமணங்களைச் சேகரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். வியாழன் இரவு இஷாவுக்குப் பின் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். ஒருவர் ஊத் கொண்டு வருவார். இன்னொருவர் ரோஜா அத்தர். மற்றொருவர் புதிதாக வந்த செண்ட். காகிதத் துண்டில் தொட்டு முகர்ந்து, இது எங்கே கிடைத்தது, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பேசுவார்கள். சிறு சீசாக்களில் ஊற்றி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வார்கள்.

ஒரு நாள் ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஹஜரத், எம் மவன் அலமாரி நிறைய பாட்டில் வாங்கி வச்சிருக்கான். தங்கச்சி ஸ்கூல் ஃபீஸுக்கு மட்டும் கையில காசு இல்லைங்கறான்" என்று கண் கலங்கினார். அந்த வாரமே நான் மிம்பரில் வீண்விரயத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசினேன். அந்த இளைஞர்கள் தலை குனிந்து கேட்டுக் கொண்டிருந்தார்கள். தாயின் முறையீடு நியாயமானது. ஆனால், நான் அன்று பாதி உண்மையைத்தான் பேசினேன். மறு பாதியை இன்று பேசுகின்றேன்.

நாயகம் (ஸல்) அவர்களும் நறுமணமும்

நறுமணம் உலக ஆசைதானே என்று அதை ஒதுக்கிவிட மார்க்கத்தில் இடமில்லை. இவ்வுலகில் தமக்குப் பிரியமாக்கப்பட்டவற்றுள் ஒன்றாக நறுமணத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாக நஸாயீயில் பதிவாகியுள்ளது. தமக்கு நறுமணம் அன்பளிப்பாக வந்தால் அதை அவர்கள் மறுப்பதில்லை என்று அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரளி) அவர்கள் அறிவிப்பதைப் புகாரியில் காண்கிறோம். சுமப்பதற்கு இலேசானது, முகர்வதற்கு இனிமையானது. எனவே அதை மறுக்கலாகாது என்னும் கருத்தில் முஸ்லிம் நூலிலும் ஒரு ஹதீஸ் உண்டு.

இன்னும் கவனியுங்கள். அண்ணலார் (ஸல்) அவர்களிடம் நறுமணம் வைத்துக்கொள்ளும் சிறு கலம் ஒன்று இருந்ததாக அபூதாவூதில் வருகிறது. இப்னு உமர் (ரளி) அவர்கள் சில வேளை எதுவும் கலவாத அகில் கட்டையைப் புகைப்பார்கள். சில வேளை அதன்மீது கற்பூரத்தையும் இடுவார்கள். இவ்வாறே நாயகம் (ஸல்) அவர்களும் புகைத்தார்கள் என்று கூறுவார்கள். ஆகவே மணங்களைத் தேர்ந்து, கலந்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரசனை நம் இளைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று.

முஸ்லிம்கள் இதை ஒரு கலையாகவும் அறிவியலாகவும் வளர்த்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தீ, நறுமணம் தயாரிப்பதற்கும் வாலை வடிப்பதற்கும் என்றே தனி நூல் இயற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் அந்தக் கலை இன்றும் வாழ்கிறது. விடியுமுன் பறித்த ரோஜாவைச் செப்பு அண்டாவில் நீருடன் இட்டு, வாயை மண் பூசி அடைத்து, விறகுத் தீயில் வேகவைப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் செப்புக் குடத்தில் இறங்கும். அந்தக் குடத்தில் இருக்கும் சந்தன எண்ணெய் பூவின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். நாள்தோறும் புதுப் பூவிட்டு, பல நாள் இவ்வாறு வடித்த பின்னரே அத்தர் முழுமை பெறும். சுட்ட மண்ணை வடித்து, முதல் மழையின் வாசனையைச் சீசாவில் அடைக்கும் மண் அத்தரும் அங்கே உண்டு. கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது.

அதே போல அகில் மரம். நல்ல நிலையில் உள்ள மரத்தில் மணம் இல்லை. மரத்தில் காயம் ஏற்பட்டு, பூஞ்சை தொற்றும்போது, அந்த நோயை எதிர்க்க மரம் சுரக்கும் பிசினே கறுத்து, கனத்து, ஊத் ஆகிறது. அஸ்ஸாம் மாநிலத்து ஹோஜாயைச் சேர்ந்த நெல் விவசாயி ஹாஜி அஜ்மல் அலி, 1950களின் தொடக்கத்தில் இந்த ஊதுடன் பம்பாய்க்குச் சென்று தொடங்கிய வியாபாரமே பின்னர் வளைகுடா நாடுகளில் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. காயம்பட்ட மரம்தான் மணம் தருகிறது என்பதில் சோதனைக்கு உள்ளான முஃமினுக்கு ஆறுதல் இருக்கிறது, சகோதரர்களே!

நறுமணம் யாருக்காக?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நாம் பூசும் மணம் யாருக்காக?

ஜும்ஆ நாளின் குளிப்பு எப்படி வந்தது என்பதை அன்னை ஆயிஷா (ரளி) அவர்கள் விளக்குகிறார்கள். மதீனாவின் சுற்றுப்புறங்களிலிருந்து உழைப்பாளிகள் ஜும்ஆவுக்கு வருவார்கள். புழுதியும் வியர்வையும் படிந்த உடை; அதிலிருந்து வாடை வீசும். அத்தகைய ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, இந்த நாளுக்காக நீங்கள் தூய்மை செய்துகொண்டால் நன்றாயிருக்குமே என்னும் கருத்தில் அன்னார் கூறினார்கள். அந்த வார்த்தையின் மென்மையைப் பாருங்கள்! "தள்ளிப் போ" என்று சொல்லவில்லை. "பின்வரிசையில் நில்" என்று சொல்லவில்லை. உழைப்பைப் பழிக்கவும் இல்லை.

ஜும்ஆ நாளில் குளித்து, எண்ணெய் தேய்த்து, தன் வீட்டிலுள்ள நறுமணத்தைப் பூசிக்கொண்டு, இருவருக்கிடையே பிரித்துக்கொண்டு செல்லாமல் அமர்ந்து, தொழுது, குத்பாவை அமைதியாகக் கேட்பவருடைய இரு ஜும்ஆக்களுக்கு இடைப்பட்ட பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்ற ஸல்மான் ஃபார்ஸி (ரளி) அவர்களின் அறிவிப்பை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, "வீட்டிலுள்ள" நறுமணம். இருப்பது போதும், கடன் வாங்கத் தேவையில்லை. மற்றொன்று, நறுமணத்தை அடுத்தே பிறரைப் பிரிக்காதே, நெருக்காதே என்ற ஒழுக்கம் வருகிறது. வெங்காயமும் பூண்டும் பச்சையாகத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொன்னதும் இதே காரணத்தால்தான். பக்கத்தில் நிற்பவர் நிம்மதியாகத் தொழ வேண்டும். நறுமணம் என்பது நாம் அவருக்குத் தரும் ஸதக்கா.

அந்த "பக்கத்தில் நிற்பவர்" நம் மனைவி மக்களாகவும் இருக்கிறார்கள். எனக்காக என் மனைவி தன்னை அழகுபடுத்திக்கொள்வதை நான் விரும்புவது போலவே, அவளுக்காக நானும் என்னை அழகுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன் என்னும் கருத்தை இப்னு அப்பாஸ் (ரளி) அவர்கள் கூறியுள்ளார்கள். திண்ணையில் நண்பர்களிடம் மணந்துவிட்டு, வீட்டுக்குள் வியர்வைச் சட்டையோடு நுழையும் கணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எல்லை எங்கே?

அந்தத் தாயின் முறையீட்டுக்கு வருகின்றேன். ஒவ்வொரு தொழுமிடத்திலும் அலங்காரத்தை மேற்கொள்ளுமாறு ஏவும் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனமே, அதே மூச்சில் விரயம் செய்யாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. அலங்காரமும் அளவும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது.

அத்தர் தோலாக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு தோலா என்பது 11.66 கிராம். நல்ல ஊத் எண்ணெயின் ஒரு தோலா, ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். எனவே வாங்குமுன் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் மருந்து ஆகியவை தீர்ந்தனவா? இது கடனா, கையிருப்பா? சேகரித்ததைப் பயன்படுத்துகிறேனா, எண்ணிக்கைக்காக அடுக்குகிறேனா? சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதில் ஜகாத் இல்லை. விற்பதற்கென்று வாங்கி வைத்தால் அது வியாபாரச் சரக்கு. நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் 2.5 சதவீதம் ஜகாத் கடமையாகும்.

பெருமைக்காகப் பூசுவது மற்றொரு நோய். கலீஃபா உமர் (ரளி) அவர்களின் வரலாறு நமக்குப் பாடம். பஹ்ரைனிலிருந்து பொதுநிதிக்குக் கஸ்தூரி வந்தது. அதைச் சரியாக நிறுத்துப் பங்கிட ஒரு பெண் கிடைத்தால் நன்று என்றார்கள். தமக்கு நன்றாக நிறுக்கத் தெரியும் என்று அவர்களின் மனைவி ஆத்திகா (ரளி) முன்வந்தார்கள். உமர் (ரளி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். நிறுக்கும்போது விரலில் ஒட்டியதைக் கழுத்தில் தடவிக்கொண்டால், மக்களின் பங்கை விட அதிகம் நமக்குச் சேர்ந்துவிடுமே என்று அஞ்சினார்கள். விரலில் ஒட்டும் மணத்துக்கே கணக்குப் பார்த்த சமுதாயம் நம்முடையது!

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். ஆல்கஹால் கலந்த செண்ட் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. போதை தரும் திரவத்தை நஜீஸ் என்று ஷாஃபிஈ மத்ஹபு கூறுகிறது. திராட்சை, பேரீச்சையிலிருந்து எடுக்கப்படாததில் ஹனஃபி ஆலிம்கள் பலர் சலுகை அளித்துள்ளனர். தொழுகைக்கு எண்ணெய் அத்தரைப் பயன்படுத்துவதே பேணுதலானது.

கஸ்தூரிக்காக இமயமலைக் கஸ்தூரி மான்கள் கொல்லப்பட்டதால் அந்த இனமே அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். நம் கடற்கரையில் ஒதுங்கும் அம்பருக்கும் சட்டத் தடை உண்டு. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அதை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றமாகும். அபூஉபைதா (ரளி) அவர்களின் தலைமையில் பசியோடு சென்ற 300 தோழர்களுக்குக் கடல் ஒதுக்கித் தந்த மாபெரும் மீனைப் புகாரியின் அறிவிப்பு "அம்பர்" என்றே அழைக்கிறது. அது அல்லாஹ் பசித்தோருக்கு அளித்த உணவு. ஆசை காட்டும் இடைத்தரகரின் பேச்சைக் கேட்டு நம் பிள்ளைகள் சிறைக்குப் போக வேண்டாம்.

அத்துடன், பூசுவதிலும் அளவு வேண்டும். கடும் மணமும் புகையும் ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். பக்கத்தில் நிற்பவருக்காகவே நறுமணம் என்றோமே, அவர் மூச்சு வாங்கித் தவித்தால் அது ஸதக்கா ஆகுமா?

முத்திரை கஸ்தூரி

அன்பர்களே! திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். அது அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகிறது. தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை எச்சரிக்கிறது. பின் அதே அத்தியாயத்தின் 26ஆம் வசனத்துக்கு வரும்போது, சுவனத்தில் நல்லோர் பருகும் பானத்தின் முத்திரை கஸ்தூரி என்றும், போட்டியிடுவோர் இதற்காகவே போட்டியிடட்டும் என்றும் கூறப்படுகிறது.

சீசாவில் ஊற்றிப் பகிரும் இளைஞர்களே! இந்த அத்தியாயம் உங்களுக்காகவே இறங்கியது போல் இல்லையா? நீங்கள் அளப்பவர்கள். 3 மில்லி என்று காசு வாங்கிவிட்டு இரண்டரை ஊற்றினால், அந்த அத்தியாயத்தின் தொடக்கம் உங்களைப் பற்றியது. செயற்கைக் கஸ்தூரி 1888ஆம் ஆண்டிலிருந்தே உலகில் உண்டு. ஆல்பர்ட் பாவர் என்ற வேதியியலாளர் வெடிமருந்து ஆய்வின்போது தற்செயலாகக் கண்டது அது. அதைப் பூசுவதில் குற்றமில்லை. "அசல்" என்று சொல்லி விற்பதே குற்றம். பாரஃபின் கலந்ததைச் சந்தன எண்ணெய் அத்தர் என்பதும் அப்படியே. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்ததை மறக்க வேண்டாம். நேர்மையாக அளந்தால், அந்த அத்தியாயத்தின் கஸ்தூரி முத்திரை உங்களுக்காகக் காத்திருக்கிறது. அலமாரியில் எத்தனை சீசா என்ற போட்டியை விட்டு, அந்தப் போட்டிக்கு வாருங்கள்.

நல்ல நண்பன் கஸ்தூரி வியாபாரியைப் போன்றவன். அவனிடமிருந்து ஒன்றும் வாங்காவிட்டாலும் மணமாவது கிடைக்கும் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் உவமை கூறியது நினைவிருக்கிறதா? திண்ணையில் கூடும் நண்பர்கள் உண்மையிலேயே அந்த வியாபாரிகளாக வேண்டும். கூடிக் கலையும்போது உடையில் மட்டும் மணம் ஏறியிருந்தால் போதாது. புறம் பேசாத நாவும், ஃபஜ்ருக்கு எழுப்பிவிடும் அன்பும் சேர்ந்து வர வேண்டும்.

மழை இரவு

நான் தொடக்கத்தில் வாக்களித்த நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

மீன் ஏற்றும் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் எப்போதும் கடைசி ஸஃப்பின் ஓரத்தில்தான் நிற்பார். முன்வரிசையில் இடமிருந்தும் வரமாட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன். "எத்தனை சோப்புப் போட்டாலும் போவ மாட்டேங்குது ஹஜரத். பக்கத்துல உள்ளவங்க மொகம் சுளிச்சா எனக்குத் தொழுவ மனசு வரல" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

ஐப்பசி மழைக் காலம் ஒன்றில், நள்ளிரவில் அவருடைய வாப்பா மௌத்தானார். மின்சாரம் இல்லை. கடைகள் இல்லை. காலையில் நாகூருக்குச் சென்று வாங்கவும் வழியின்றி மழை கொட்டியது. குளிப்பாட்டுவதற்குக் கடைசித் தண்ணீரில் கலக்கச் சிறிது கற்பூரம் ஒரு வீட்டில் கிடைத்தது. கஃபனுக்குப் பூச நறுமணம் இல்லை. உம்ரா சென்றவர் தந்த என் சீசாவும் காலியாகிக் கிடந்தது. அந்தச் சகோதரர் ஒரு மூலையில் நின்று, "வாழ்நாளெல்லாம் மீன் கூடை சுமந்தவரு. இன்னைக்காவது மணக்க வச்சு அனுப்பணும்னு நெனச்சேன்" என்று அழுதார்.

எப்படியோ செய்தி போயிற்று. நான் மிம்பரில் வைத்துக் கண்டித்த அதே இளைஞர்கள் மழையில் நனைந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர், எவருடைய தாய் என்னிடம் முறையிட்டாரோ அவரே, துணியில் சுற்றிய ஒரு சீசாவை எடுத்தார். மூடி திறக்கப்படாத அஸ்ஸாம் ஊத். தன் நிக்காஹ் நாளுக்கென்று எடுத்து வைத்திருந்ததாம். "இதை விடப் பொருத்தமான எடம் இல்ல ஹஜரத்" என்று என் கையில் கொடுத்தார். ஸஜ்தாவில் தரையைத் தொட்ட நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் என்று ஒவ்வோர் இடமாக அந்தப் பெரியவருக்குப் பூசினேன். என் கை நடுங்கியது. அந்த அறையில் நின்ற எவரும் அதுவரை முகர்ந்திராத மணம் அது. அந்த மகன் தன் வாப்பாவின் நெற்றியில் முகம் வைத்து நெடுநேரம் இருந்தார்.

அன்றிரவு நான் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க சொன்னதும் சரிதான் ஹஜரத். அதுக்கப்புறம் நான் புதுசா வாங்கல. தங்கச்சி ஃபீஸ் கட்டியாச்சு" என்றார்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து, ஜும்ஆவன்று பள்ளிவாசல் படியில் அந்த இளைஞர்களில் ஒருவர் சீசாவுடன் நிற்கிறார். உள்ளே வருகிற ஒவ்வொருவரின் கையிலும் ஒரு துளி வைக்கிறார். அதிகாரிக்கும் அதே துளி, மீன் ஏற்றுபவருக்கும் அதே துளி. பள்ளியெங்கும் ஒரே மணம். கடைசி ஸஃப்பில் நின்ற சகோதரர் இப்போது இரண்டாம் ஸஃப்பில் நிற்கிறார்.

சகோதரர்களே! உங்கள் வீட்டு அலமாரியிலும் திறக்காத சீசா இருக்கலாம். அதை இந்த வாரமே திறங்கள். முதல் துளியை உங்கள் தாயின் கையில் வையுங்கள். அடுத்ததை, பக்கத்தில் வந்து நிற்கத் தயங்கும் ஒருவரின் கையில் வையுங்கள். நம் மேனியில் மற்றவர் கடைசியாகப் பூசும் அத்தரை நாம் முகரப் போவதில்லை. அன்று நம்முடன் வருவது நாம் பிறருக்குத் தந்த மணம் மட்டுமே.

வல்ல அல்லாஹ் நம் உடையையும் உடலையும் போலவே நம் உள்ளங்களையும் மணக்கச் செய்வானாக! நம் இளைஞர்களின் நட்பை நன்மைக்குரியதாக ஆக்குவானாக! நம் மூதாதையரின் கப்ருகளைச் சுவனத்தின் மணம் வீசும் பூங்காக்களாக ஆக்கியருள்வானாக!

ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!